ஸ்டவ் மேல் விழுந்த பழி

கரையான்சாவடியில் குடியிருக்கும் எனக்கு, ஊர்ப் பெயரில் இருக்கும் 'சாவடி' என்ற சொல் எப்போதும் அடுப்பைத்தான் ஞாபகப்படுத்தும். சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம். அந்தக் காலத்து வழிப்போக்கன் மூன்று கல்லைக் கூட்டி, சுள்ளி பொறுக்கி, ஒரு வாய் சோறு பொங்க வேண்டும். காற்றடித்தால் புகை, மழை பெய்தால் பட்டினி.

இந்தச் சங்கடத்துக்குத் தூர தேசத்தில் ஒரு விடை பிறந்தது. ஸ்வீடனில் 1892-ல் பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் என்பவர் திரியில்லாத ஒரு மண்ணெண்ணெய் அடுப்பைச் செய்தார். அதுதான் பிரைமஸ் ஸ்டவ். முதலில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றி மேல் பாகத்தைச் சூடாக்க வேண்டும். பிறகு பம்ப் அடித்தால் எண்ணெய் மேலேறி, சூட்டில் ஆவியாகி, ஊசித் துவாரம் வழியாகச் சீறிக்கொண்டு நீலமாக எரியும். கரியில்லை, புகையில்லை.

1911-ல் தென் துருவத்தை அடைந்த அமுண்ட்சென் அதைத்தான் கொண்டு போனார். 1953 மே 29-ந் தேதி காலையில், எவரெஸ்டின் கடைசிக் கூடாரத்தில், விறைத்துப்போன தம் பூட்ஸை ஹில்லரி அதன் நெருப்பில் காட்டித்தான் இளக்கினார். அப்புறமே அவரும் டென்சிங்கும் சிகரம் ஏறினார்கள்.

பனிமலைக்குப் போன அதே சாமான் எங்கள் பாட்டியின் சமையலறைக்கும் வந்தது. தொழிற்சாலையில் ஆயிரக் கணக்கில் செய்த பொருள்தான். ஆனாலும் கனத்த பித்தளை, பிசகாத பற்றவைப்பு. அடியில் 'ஸ்வீடனில் செய்தது' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். "சீமைச் சாமான்டா!" என்று பாட்டி பெருமைப்படுவாள். வாரம் ஒரு முறை புளி போட்டுத் துலக்குவாள். பின்னால் துவாரத்தில் குத்துவாள். வாஷர் காய்ந்தால் எண்ணெய் விடுவாள்.

பிற்பாடு மெல்லிய தகட்டில் செய்த மட்டமான நகல்களும் கடைக்கு வந்தன. அடைத்த துவாரத்தோடு மேலும் மேலும் பம்ப் அடித்ததாலும், எரியும்போதே எண்ணெய் ஊற்றியதாலும் விபத்துகள் நேர்ந்தது உண்மைதான். ஆனால் 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் மரணம்' என்ற செய்தி பத்திரிகையில் அடிக்கடி வரத் தொடங்கிய காலத்தில், நான் அதை வாசித்துக் காட்டியபோது பாட்டி கேட்டாள்:

"ஏண்டா, மாமியார் பத்த வச்சா வெடிக்காத ஸ்டவ், மருமக பத்த வச்சா மட்டும் ஏன்டா வெடிக்குது?"

அந்தக் கேள்வியைத் தேசமும் கேட்டது. வரதட்சிணையைத் தடை செய்யும் சட்டம் 1961-லேயே வந்திருந்தும் போதவில்லை. 1983-ல் கணவன் வீட்டாரின் கொடுமை தனிக் குற்றமாயிற்று. 1986-ல் 'வரதட்சிணை மரணம்' என்ற குற்றமே சட்டத்தில் ஏறியது: கலியாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் தீக்காயத்தாலோ, இயல்புக்கு மாறான வேறு விதத்திலோ இறந்து, அதற்குச் சற்று முன்பு வரதட்சிணைக்காக அவளைத் துன்புறுத்தியதும் தெரியவந்தால், பழி கணவன் வீட்டார் மேல் விழும். 2024-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த விதி இருக்கிறது.

பாட்டி காலமாகிவிட்டாள். சென்ற மாதம் பரணிலிருந்து அவளுடைய ஸ்டவ்வை இறக்கித் துலக்கினேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். எங்கும் ஒரு கீறல் இல்லை. வெடித்ததாகச் சொல்லப்பட்ட அத்தனை ஸ்டவ்களில் எத்தனையை யாராவது இப்படி எடுத்துப் புரட்டிப் பார்த்தார்களோ?