பாடம் கேட்டல்: கல்விச் சொற்கள் தமிழில் வந்த வழி

திருவண்ணாமலைக்கு மேற்கே, கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது அடி அண்ணாமலை. அதுபோன்ற ஓர் ஊரின் அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியருக்குக் கையில் ஒரு மொழி, வாயில் ஒரு மொழி. பதிவேட்டில் ‘வளரறி மதிப்பீடு’ என்று எழுதுவார், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் “எஃப்.ஏ. மார்க் ஏத்திட்டீங்களா?” என்று கேட்பார். ஏட்டில் ‘பாடக்குறிப்பு’, பேச்சில் ‘நோட்ஸ் ஆஃப் லெசன்’. முத்திரையில் ‘தலைமையாசிரியர்’, வராந்தாவில் ‘எச்.எம்.’ பெற்றோர்களோ ‘வாத்தியார்’, ‘டீச்சர்’ என்ற இரண்டு சொற்களில் எல்லாரையும் அடக்கிவிடுகிறார்கள்.

இதை ஆங்கில மோகம் என்று சொல்லிவிட்டால் ஆய்வுக்கு வேலையில்லை. கல்வி பற்றிய தமிழ்ச் சொற்கள் எந்தக் காலத்தில், யாருக்காக, எந்தத் தேவைக்காகப் பிறந்தன என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பழைய சொற்களில் பெரும்பகுதி கற்பவரின் பக்கத்திலிருந்து பிறந்தவை. ஆங்கிலத்துக்கு நிகராக இருபதாம் நூற்றாண்டில் ஆக்கப்பட்டவை பெரும்பாலும் கற்பிப்பவர், கண்காணிப்பவர், அளப்பவர் பக்கத்திலிருந்து பிறந்தவை. இரண்டுக்கும் நடுவே திண்ணைப் பள்ளிக்கூடத்தின் சொற்கள் கைவிடப்பட்டன. அந்த இழப்பை நம் மொழிப் பூசல்களில் இரு தரப்பாரும் கவனிக்கவில்லை என்பதே என் வாதம்.

திருக்குறளின் அதிகார வரிசையில் கல்வி, கல்லாமை என்ற இரண்டையும் அடுத்துக் கேள்வி வருகிறது. அங்கே அந்தச் சொல்லுக்குக் காதால் பெறும் அறிவு என்று பொருள். இன்றைய மாணவருக்கோ கேள்வி என்றால் தேர்வுத் தாளில் இருப்பது. நன்னூலின் பொதுப்பாயிரமும் இங்கே முக்கியமான சான்று. பவணந்தி முனிவர் நூலின் இலக்கணத்தோடு நிற்காமல், சொல்லிக்கொடுப்பவர், சொல்லிக்கொடுக்கும் முறை, கொள்பவர், கொள்ளும் முறை என்று ஐந்து தலைப்புகளில் கல்வியையே வகுத்துவைத்தார். ஐந்தில் இரண்டு மாணாக்கருக்கு உரியவை. பாடத்தை எப்படிக் கேட்க வேண்டும், கேட்டதை எப்படிச் சிந்திக்க வேண்டும், உடன் பயில்வோருடன் எப்படிப் பழக வேண்டும் என்றெல்லாம் அவர் விரித்துச் சொல்கிறார். ஆசிரியப் பயிற்சி நிறுவனங்களில் இதைக் கல்வியியல் நூலாக வைத்துப் படிக்காதது எனக்கு நெடுநாளைய வருத்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவு வரையிலும் அந்த மரபு பேச்சில் இருந்தது. உ.வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ‘பாடம் கேட்டார்’ என்றுதான் சொல்லுவோம். படித்தார் என்று சொல்வதில்லை.

பள்ளி என்ற சொல்லுக்கு வருவோம். துறவியர் படுத்து உறங்கும் இடம் பள்ளி. சமண முனிவர்கள் தங்கிய குகைகளும் கட்டடங்களும் அப்பெயர் பெற்றன. அங்கே பாடம் நடந்ததால் பிற்காலத்தில் கல்விக்கூடத்துக்கும் அதுவே பெயரானது. இந்தப் பொருள் மாற்றத்துக்குத் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே அருமையான சான்று உண்டு. வந்தவாசி வட்டாரத்தில் உள்ள வேடல் ஊரைக் கல்வெட்டு விடால் என்கிறது. முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது என்று கொள்ளப்படும் அந்தக் கல்வெட்டில், குணகீர்த்தி படாரரின் மாணாக்கியான கனகவீரக் குரத்தியார் என்ற சமணப் பெண் ஆசிரியர் வருகிறார். அவரிடம் பயின்றவர்கள் 500 பேர். 400 பெண் துறவியரோடு அவர்களுக்குப் பிணக்கு ஏற்பட, அவ்வட்டாரத்தார் குரத்தியாரின் பிள்ளைகளுக்கு உணவளித்துக் காப்பதாகப் பொறுப்பேற்றார்கள்.

குரவர் என்பதற்குப் பெண்பால் குரத்தி. மாணாக்கன் என்பதற்குப் பெண்பால் மாணாக்கி. பெண் ஆசிரியரைக் குறிக்க ஒன்பதாம் நூற்றாண்டில் தனிச்சொல் இருந்தது என்பதை நாம் போதுமான அளவு பேசவில்லை. ‘ஆசிரியை’யும் ‘டீச்சரம்மா’வும் வரும் முன்பே அந்த இடம் நிரம்பியிருந்தது. அந்தச் சொல்லைத் தாங்கிய மரபு தளர்ந்தபோது சொல்லும் போயிற்று.

திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சொற்கள் இன்னும் நெருக்கமானவை. மணலில் விரலால் எழுதுவதில் தொடக்கம். பிறகு ஓலையும் எழுத்தாணியும். எண்சுவடி, நெல்லிலக்கம், பொன்னிலக்கம், குழிமாற்று என்று கணக்குக்கே ஒரு சொற்கூட்டம் இருந்தது. பௌர்ணமியும் அமாவாசையும் விடுமுறை. அதற்கு ‘வாவு’ என்று பெயர். உவா என்ற பழஞ்சொல்லின் தேய்வு அது. அந்நாட்களில் பிள்ளைகள் உபாத்தியாயருக்குக் கொண்டுவரும் அரிசி ‘வாவரிசி’. பௌர்ணமி தோறும் பெருங்கூட்டம் மலையைச் சுற்றி அடி அண்ணாமலையைக் கடந்து போகிறது. அந்த நாளுக்குப் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் மட்டும் வழக்கில் இல்லை.

இன்னொரு சொல் சட்டாம்பிள்ளை. மூத்த மாணவன் இளையவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து, வருகையையும் ஒழுங்கையும் பார்த்துக்கொள்வான். ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் பார்த்திவசேகரபுரத்தில் நிறுவிய சாலை என்ற கல்விக்கூடத்தில் சட்டர் எனப்பட்ட மாணவர் 95 பேர் பயின்றதாகச் செப்பேடு சொல்கிறது. சட்டாம்பிள்ளையின் பெயரில் அந்தச் சட்டரின் எச்சம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். சென்னை எழும்பூரில் 1789இல் தொடங்கிய ஆண் அனாதை விடுதிக்குக் கண்காணிப்பாளராக இருந்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் விடுதியில் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை வளர்த்து, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ‘மதராஸ் முறை’ எனப் பரவியது. பிறகு மிஷன் பள்ளிகள் வழியாக அதுவே ஆங்கிலப் பெயருடன் இங்கே திரும்பி வந்தது. சட்டாம்பிள்ளை ‘மானிட்டர்’ ஆனான். அப்புறம் ‘லீடர்’ ஆனான். சுற்றறிக்கையில் ‘வகுப்புத் தலைவர்’ ஆனான். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு முறைக்குத் தமிழில் மறுபடி பெயர் தேட வேண்டியதாயிற்று.

சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கேட்டுப் பெற்ற கணக்கின்படி சென்னை மாகாணத்தில் 12,498 கல்விக்கூடங்கள் இருந்தன. மக்கள்தொகை ஒன்றேகால் கோடிக்கு மேல். இந்த எண்ணைக் காட்டித் திண்ணைப் பள்ளிகளைப் பொற்காலமாக்குவோர் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடமில்லை. பெண் பிள்ளைகள் அரிது. கோதண்டம் போன்ற தண்டனைகள் கொடுமையானவை. அந்த ஏற்பாடு போனதில் வருந்த ஒன்றுமில்லை. ஆனால் ஏற்பாட்டோடு சேர்த்துச் சொற்களையும் எறிந்தது தேவையற்ற செலவு.

1854ஆம் ஆண்டின் உட் அறிக்கைக்குப் பிறகு மானியம், ஆய்வாளர், தேர்வு என்ற மூன்றும் பள்ளியின் நடையையே மாற்றின. இன்ஸ்பெக்டர், கிளாஸ், மார்க், பாஸ், பெயில் ஆகியவை வாயில் புகுந்தது அந்த வழியாகத்தான். எழுத்துத் தமிழில் அவற்றுக்கு வடசொற்கள் அமர்ந்தன: பரீட்சை, பாடசாலை, வித்தியார்த்தி, சர்வகலாசாலை. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் நிறுவியது சைவப்பிரகாச வித்தியாசாலை. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கியது செமினரி. திருவண்ணாமலை நகரத்தார் வாயில் இன்றும் நிற்கும் ‘டேனிஷ் மிஷன் ஸ்கூல்’ என்ற பெயரும் மிஷன் பள்ளிகள் விட்டுச் சென்ற படிவுதான்.

சொல்லாக்கம் திட்டமிட்ட வேலையாக மாறியது 1916இல். சேலத்தில் இராஜாஜியும் வேங்கடசுப்பையரும் தமிழில் அறிவியல் சொற்களை உருவாக்கச் சங்கம் ஒன்று அமைத்து இதழ் நடத்தினார்கள். அதே ஆண்டில் மறைமலையடிகளின் தனித்தமிழ் இயக்கமும் தொடங்கியது. 1934இல் உருவான சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியால் 1938இல் ‘கலைச்சொற்கள்’ நூல் வந்தது. 1940இல் சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அரசு அமைத்த குழு வடமொழிப் பக்கம் சாய, தமிழறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். தி.சு. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்த 1946–49 காலத்தில் உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ்வழிக் கல்வி வலுப்பெற்றபோது சொற்பட்டியல்களுக்கு உடனடித் தேவை வந்தது.

தனித்தமிழ்த் தரப்பு பெரும்பாலும் வென்றது. அந்த வெற்றியால் நமக்குக் கிடைத்தவை அருமையான சொற்கள். தேர்வு, மதிப்பெண், பல்கலைக்கழகம், துணைவேந்தர், பட்டமளிப்பு ஆகியவற்றை எந்தச் செய்தித்தாள் வாசகரும் தயங்காமல் படிப்பார். உபாத்தியாயரை நீக்கி ஆசிரியரைக் கொண்டுவந்தபோது மட்டும் ஒரு விந்தை நடந்தது. ஆசிரியர் என்பதும் ஆசார்ய என்ற வடசொல் வழி வந்ததென்பது மொழியறிஞர் பலரின் கருத்து. ஊர் மக்களோ உபாத்தியாயரைத் தேய்த்து ‘வாத்தியார்’ ஆக்கிச் சொந்தமாக்கிக்கொண்டார்கள்.

ஆனால் வடமொழித் தரப்பும் தனித்தமிழ்த் தரப்பும் ஒன்றில் ஒத்துப்போயின. முதலில் ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு, அதற்கு நிகரைத் தேடுவதே இரு தரப்பின் முறை. ஒருவர் சமஸ்கிருதத்தில் தேடினார். மற்றவர் சங்க நூல்களில் தேடினார். திண்ணையிலிருந்து வந்து இன்னும் உயிரோடிருந்த முதியவர்களிடம் யாரும் போய்க் கேட்கவில்லை. ஆங்கிலச் சொல்லோ ஆய்வாளரும் பயிற்சிக் கல்லூரியும் புழங்கியது. ஆகவே வந்த தமிழும் கற்பித்தல், பயிற்றுவித்தல், மதிப்பிடுதல், தேர்ச்சி என்று மேலிருந்து பார்ப்பதாக அமைந்தது. ‘பாடம் கேட்டல்’, ‘கொள்ளல்’ ஆகியவற்றுக்கு எதிரே நிறுத்த ஆங்கிலச் சொல் இல்லாததால் பட்டியலில் இடமும் இல்லை.

வேறு வழியும் இருந்தது என்பதற்குத் தொலைவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. 1620களில் தரங்கம்பாடிக் கோட்டையில் படைவீரராகப் பணிபுரிந்து, 1661இல் தம் நினைவுகளை எழுதிய ஜோன் ஓலாப்சன் ஐஸ்லாந்துக்காரர். அவர் நாட்டவரும் நம்மைப் போல அயற்சொல்லுக்கு எதிராகத் தம் மொழியில் சொல் ஆக்குவதில் பிடிவாதமானவர்கள். அங்கே பள்ளிக்கு இலத்தீன் வழி வந்த பழைய ‘ஸ்கோலி’யை விலக்காமல் வைத்துக்கொண்டார்கள், அதன்மேல் ‘உயர்ந்த’ என்ற அடையைச் சேர்த்துப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் செய்தார்கள். ஆசிரியருக்கான சொல்லை, சொல்லிக்கொடுப்பதைக் குறிக்கும் தம் சொந்த வினையிலிருந்து எடுத்தார்கள். 1911இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அந்த மொழியிலேயே நடந்ததால் சொற்கள் விரிவுரை அறையில் புழங்கித் தேறின. தமிழில் பட்டப்படிப்பைக் கோவை அரசுக் கல்லூரி 1960இல் தொடங்கியது நல்ல தொடக்கம்தான். அது மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் அப்போது நீளவில்லை.

புழக்கம் சொல்லைக் காப்பதற்கு நம்மிடமே எடுத்துக்காட்டு உண்டு: சத்துணவு. 1982இல் எம்.ஜி.ஆர். அரசு கொண்டுவந்த திட்டத்தின் பெயர் அது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரும் அதை ஆங்கிலத்தில் சொல்வதில்லை. ‘சத்துணவுக்கூடம்’, ‘சத்துணவு ஆயா’ என்று அது கிளைத்தது. நாள்தோறும் தட்டில் விழுந்த பொருளுக்குப் பெயராக இருந்ததால் நிலைத்தது. வேடல் கல்வெட்டிலும் பேச்சு பிள்ளைகளின் சோற்றைப் பற்றியது என்பதை நினைக்கும்போது, கல்விச் சொற்களின் பட்டியலில் உணவுக்கும் ஓர் இடம் தர வேண்டும் என்றே தோன்றுகிறது.

செயல்வழிக் கற்றல் 2007–08 அளவில் மாநிலம் முழுதும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தபோதும் இதுவே நடந்தது. சுவரில் ஒட்டிய ‘ஏணிப்படி’யில் தான் எந்தப் படியில் இருக்கிறேன் என்று குழந்தையே சொல்லும், அட்டையைத் தானே எடுத்து வரும். அந்தச் சொற்கள் குழந்தையின் கையில் இருந்தன. 2012–13இல் முப்பருவ முறையோடு வந்த ‘வளரறி மதிப்பீடு’, ‘தொகுத்தறி மதிப்பீடு’ இரண்டும் இலக்கணச் சுத்தமானவை. ஆனால் அவற்றைப் பயன்படுத்துவது படிவத்தை நிரப்புபவர் மட்டும். அதனால்தான் பேச்சில் எஃப்.ஏ., எஸ்.ஏ.

இலங்கைத் தமிழர் இதே தேவைக்கு வேறு முடிவுகளை எடுத்தார்கள். அவர்களுக்குப் பள்ளித் தலைமை ‘அதிபர்’; வகுப்பு ‘தரம்’; உதவித்தொகை ‘புலமைப்பரிசில்’; புலத் தலைவர் ‘பீடாதிபதி’. வித்தியாலயம் அங்கே வாழ்கிறது. யாழ்ப்பாணத்து ஆசிரியரின் பேச்சிலும் ‘அதிபர்’ அதிபராகவே இருப்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே ஏட்டுச் சொல்லுக்கும் வாய்ச்சொல்லுக்கும் இடைவெளி குறைவு.

தமிழ்நாட்டில் அடுத்த கல்விக் கலைச்சொல் பட்டியலைத் தொகுப்போர் ஆங்கில அகரவரிசையை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு வேலைகளைச் செய்யலாம். ஒன்று, கல்வெட்டுத் தொகுதிகளிலும் சுவடிகளிலும் தன்வரலாறுகளிலும் கிடக்கும் குரத்தி, சட்டர், வாவு போன்றவற்றைப் பொருளோடும் காலத்தோடும் திரட்டுவது. மற்றது, மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் வழியாகப் பணியிலும் ஓய்விலும் உள்ள ஆசிரியர்களின் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்வது: ஒரு பிள்ளை கூட்டெழுத்தில் தடுமாறும்போது வாத்தியார் என்ன சொல்கிறார், பக்கத்துப் பிள்ளை என்ன சொல்லித் திருத்துகிறது. ஏணிப்படியில் ஏறிப் படித்த குழந்தைகள் இப்போது இருபதைத் தாண்டியிருப்பார்கள். அவர்கள் சொற்களைக் கேட்டு எழுதிவைக்க இதுவே காலம்.