கடலன்னை கோயில், சேந்த்-மரி-த-லா-மேர்

கடலன்னை கோயில் என்பது பிரான்சின் தெற்குக் கரையில், ரோன் ஆற்றின் கழிமுகமான காமார்க் சதுப்பு நிலத்தில், சேந்த்-மரி-த-லா-மேர் என்ற சிற்றூரில் உள்ள கத்தோலிக்கப் பங்குக் கோயில். இது 12ஆம் நூற்றாண்டில் ரோமனெஸ்க் பாணியில் எழுந்தது. மதில் சூழ்ந்த கோயில்கள் ஐரோப்பாவில் பல உண்டு. இங்கோ கோயிற்சுவரே கோட்டைச் சுவர். பிரான்ஸ் அரசு 1840இல் வெளியிட்ட முதல் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலிலேயே இது இடம்பெற்றது.

பின்னணி

காமார்க்கில் குன்றோ பாறையோ இல்லை. உப்பங்கழியும் நாணலும் மேய்ச்சல் நிலமுமாகப் பரந்து கிடக்கும் இந்தத் தாழ்நிலத்தில் கடற்கொள்ளையர் வந்தால் ஒளிய இடம் கிடையாது. 869இல் ஆர்ல் நகரப் பேராயர் ரோலாண்ட் காமார்க்கில் அவசரமாக ஒரு மண்கோட்டை கட்டினார். கடல்வழி வந்த சாரசென் படையினர் அதைத் தாக்கி அவரைச் சிறைபிடித்தனர். மீட்புப் பொருளாக 150 ராத்தல் வெள்ளி, 150 மேலாடைகள், 150 வாள்கள், 150 அடிமைகள் பேசப்பட்டன. கைமாறுவதற்குள் பேராயர் கப்பலிலேயே இறந்துவிட்டார். கொள்ளையர் அவருடைய உடலுக்குத் திருவுடை அணிவித்து, நாற்காலியில் அமர்த்திக் கரைக்குக் கொண்டுவந்து, பேசியதை வாங்கிச் சென்றதாக அக்காலத்து ஆண்டுக் குறிப்பு பதிவு செய்துள்ளது. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் இக்கோயிலைக் கட்டியவர்கள் மண்ணை நம்பாமல் கல்லில் கட்டியதற்கு இத்தகைய அனுபவமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

11ஆம் நூற்றாண்டில் இத்தலம் ஆர்லுக்கு அருகிலுள்ள மோன்மஜூர் மடத்தின் பொறுப்பில் வந்தது. இன்றுள்ள கட்டடம் பெரும்பாலும் அதற்கு அடுத்த நூற்றாண்டைச் சேர்ந்தது.

அரண் அமைப்பு

பக்கச் சிறகுகள் இல்லாத ஒரே நீள்கூடம், கிழக்கே அரைவட்டக் கருவறை, மேலே கல் வளைவுக் கூரை: இவ்வளவுதான் தரைத்திட்டம். சுவர்கள் சுமார் 15 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய மொட்டையாக எழுகின்றன. சாளரங்கள் குறைவு, இருப்பவையும் அம்பு எய்யும் துளைகளைப் போலக் குறுகியவை. அதனால் உட்கூடம் பகலிலும் இருண்டே கிடக்கும்.

சுவரின் உச்சியில் ஞாயில்களும், அவற்றின் உட்புறமாகக் காவலர் சுற்றிவரும் நடைவழியும் உள்ளன. ஞாயில்களுக்கு அடியில் சுவரைவிட்டுத் துருத்தி நிற்கும் விளிம்பில் திறப்புகள் விடப்பட்டன. சுவரடிக்கு வந்துவிட்ட பகைவர்மேல் கற்களைத் தள்ளுவதற்கான வழி அது. கருவறைக்கு நேர் மேலே, கோட்டையின் தலைமைக் கோபுரம்போல் உயர்ந்து நிற்பது புனித மிக்கேல் சிற்றாலயம். 14ஆம் நூற்றாண்டில் இந்த அரண்கள் மேலும் வலுப்படுத்தப்பட்டன. கூடத்தின் நடுவே நன்னீர்க் கிணறு ஒன்று உண்டு. சுற்றிலும் உப்புநீர் சூழ்ந்த நிலத்தில், முற்றுகை நாட்களில் உள்ளே தஞ்சம் புகுந்த மக்களை உயிரோடு வைத்திருக்க வேண்டியது அந்தக் கிணறுதான்.

போதிகைகள்

வெளிச்சுவரில் சிற்பிக்கு வேலை குறைவு. அவனுடைய கை பெரும்பாலும் கருவறைக்காகவே காத்திருந்தது. அரைவட்டச் சுவரை ஒட்டிச் செல்லும் குருட்டு வளைவுகளை எட்டுப் பளிங்குத் தூண்கள் தாங்குகின்றன. அவற்றின் போதிகைகளே இக்கோயிலின் கலைச்செல்வம். கொரிந்தியத் தூண்களின் அகாந்தஸ் இலைக் கொத்தே இவற்றுக்கு அடிப்படை. ரோமானியர் விட்டுச்சென்ற அரங்குகளும் தூண்களும் நிறைந்த ஆர்ல் நகரம் அருகிலேயே இருந்ததால், பழைய இலைவடிவம் இப்பகுதிச் சிற்பிகளுக்குக் கண்முன் இருந்த பாடம். சில போதிகைகளில் இலைகளுக்கு நடுவிலிருந்து தலைகள் எட்டிப் பார்க்கின்றன.

இரண்டு போதிகைகள் மட்டும் கதை சொல்கின்றன. ஒன்று, இறைவன் மனித உடல் எடுத்த மறைபொருளைக் காட்டுவது. மற்றொன்று, ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடத் துணிந்த நிகழ்ச்சி. கிறிஸ்தவ மரபில் ஈசாக்கின் பலி, சிலுவைப் பலியின் முன்னடையாளம். திருப்பலி நடக்கும் பீடத்தைச் சுற்றி இவ்விரண்டு கதைகளையும் வைத்தவர், அங்கே நிற்கும் குரு என்ன செய்கிறார் என்பதைக் கல்லில் விளக்கிவிட்டார். கையகலக் கல்லில் இவ்வளவு பொருளை அடக்கிய அந்தப் பெயர் தெரியாத சிற்பி, இப்பகுதியான ப்ரொவான்ஸின் தலைசிறந்த கலைஞர்களில் ஒருவர்.

ரெனேயின் அகழ்வும் யாத்திரையும்

இயேசுவின் சிலுவையருகே நின்ற மரிய யாக்கோபேயும் மரிய சலோமேயும் பாயும் துடுப்பும் இல்லாத படகில் இக்கரை சேர்ந்தனர் என்பது மரபுக் கதை. 1448இல் ப்ரொவான்ஸ் ஆட்சியாளர் ரெனே, திருத்தந்தையின் அனுமதியுடன் கோயிலுக்குள் அகழ்ந்து, கிடைத்த எலும்புகளை அவர்களுடைய திருப்பண்டங்களாகப் பேழைகளில் வைத்தார். கருவறைக்கு அடியில் நிலவறை அமைந்தது, பீடத்தளம் உயர்ந்தது. பேழைகளுக்கோ மிக்கேல் சிற்றாலயம் இருப்பிடமாயிற்று. காவலுக்கென்று எழுந்த உச்சி, கருவூலமாகவும் ஆனது.

நிலவறையில் சாரா என்னும் கருநிறப் பெண்ணின் உருவம் இருக்கிறது. இந்தியாவிலிருந்து புறப்பட்டு ஐரோப்பா முழுதும் பரவிய ரோமா மக்கள் அவளைத் தங்கள் காவல் அன்னையாகக் கொண்டாடுகின்றனர். ஒவ்வோர் ஆண்டும் மே 24 அன்று பேழைகள் மேலிருந்து கயிற்றில் இறக்கப்படுகின்றன. சாராவின் உருவம் கடலுக்கு எடுத்துச் செல்லப்படுகிறது. மறுநாள் இரு மரியாக்களின் பவனி.

கலையிலும் இலக்கியத்திலும்

ஃப்ரெடெரிக் மிஸ்த்ராலின் ‘மிரேயோ’ (1859) காவியத்தின் நாயகி உயிர்விடுவது இக்கோயிலில்தான். 1888இல் இங்கு வந்த வின்சென்ட் வான் கோ, வீடுகளுக்கு மேல் ஓங்கி நிற்கும் இதன் உருவத்தை ஓவியமாக்கினார்.

இன்று

கோயிலில் வழிபாடு தொடர்கிறது. காவலர் நடந்த கூரைக்குப் பார்வையாளர்களும் ஏறலாம். கொள்ளையர் வந்த காலம் போய்விட்டது. ஆனால் காமார்க் கரையைக் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. கல்லணைகள்தான் ஊரைக் காக்கின்றன. இனி இந்தக் கோயிலைக் காப்பது என்றால், சுவரையும் சிற்பத்தையும் மட்டுமல்ல, அது நிற்கும் கரையையும் சேர்த்துக் காப்பதுதான்.