மாற்றப்படாத கடவுச்சொல்லும் 2017 பி.எஸ்.என்.எல். மோடம் முடக்கமும்

2017 ஜூலை இறுதியில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் இணைப்பு பெற்றிருந்த பல இடங்களில் மோடம்கள் செயலிழந்தன. பாதிக்கப்பட்டவை ஏறத்தாழ 60,000 என்று செய்திகள் வெளிவந்தன. தொழிற்சாலையில் இட்ட ‘அட்மின்’ என்ற கடவுச்சொல் மாற்றப்படாத கருவிகளுக்குள் ஒரு தீநிரல் புகுந்திருந்தது. கடவுச்சொல்லை உடனே மாற்றும்படி நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

எந்தக் கடவுச்சொல் என்பதில்தான் பலருக்கும் குழப்பம். திருவண்ணாமலை ரமணாசிரமப் பகுதியில் வெளியூர் அன்பர்கள் தங்கும் ஒரு விடுதியை எடுத்துக்கொள்வோம். விருந்தினருக்கு எழுதித் தருவது வைஃபை கடவுச்சொல். மோடத்தின் அமைப்புகளைத் திறக்கும் கடவுச்சொல் வேறு. இணைப்புக் கொடுக்க வந்த பணியாளரோடு அதன் நினைவும் போய்விடும். மேலும், தொலைவிலிருந்து மோடத்தைப் பராமரிக்கப் பயன்படும் 7547ஆம் எண் வாயில் வெளி இணையத்துக்குத் திறந்து கிடந்ததையும் வல்லுநர்கள் சுட்டிக்காட்டினர். ஆகவே பழி முழுவதையும் வாடிக்கையாளர் மேல் போடுவது நியாயமன்று.

இந்தப் பலவீனம் புதியதன்று. 2012இல் பெயர் வெளியிடாத ஒருவர், கடவுச்சொல் இல்லாத அல்லது எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல் கொண்ட சுமார் 4,20,000 கருவிகளில் தம் நிரலை நிறுவி, அவற்றைக் கொண்டே உலக இணையத்தைக் கணக்கெடுத்தார். கருவிகளுக்குத் தீங்கு நேராதபடி கவனமாக நடந்ததாகவும் கூறினார். 2013 மார்ச்சில் வெளியான அத்தரவு ஆய்வாளர்களைத் தருமசங்கடத்தில் ஆழ்த்தியது: பயனுள்ள தரவுதான், ஆனால் அனுமதியின்றித் திரட்டியது. 2016இல் ‘மிராய்’ தீநிரல் இதே ஓட்டை வழியாகக் கேமராக்களையும் ரூட்டர்களையும் அடிமைப்படுத்தி, அக்டோபர் 21 அன்று பெரிய இணையதளங்கள் பலவற்றை முடக்கியது.

பி.எஸ்.என்.எல். தாக்குதலுக்குப் பொறுப்பேற்றவர், ‘பிரிக்கர்பாட்’ தீநிரலை உருவாக்கிய, ‘ஜானிட்டர்’ என்னும் புனைபெயர்க்காரர். மிராய் போன்றவற்றிடம் சிக்கும் முன்பே பாதுகாப்பற்ற கருவிகளை முடக்குவது இணையத்துக்கான ‘கீமோதெரபி’ என்பது அவர் வாதம். ஆனால் இந்த நோயாளியிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை; இணைப்பை இழந்தவரும் மருத்துவர் அல்லர்.

இந்தியாவில் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியில் நுழைவதை இழப்பீட்டுக்குரிய மீறலாகக் கருதுகிறது. நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கமும் இருந்தால், 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். நல்லெண்ண ஆய்வாளருக்கென இப்பிரிவுகளில் தனி விலக்கு இல்லை. பிரிட்டன் வேறு முனையில் தொடங்கியது: எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கடவுச்சொல்லை இட்டு விற்பதை 2024 ஏப்ரல் 29 முதல் தடை செய்து, பொறுப்பைத் தயாரிப்பாளரிடம் ஒப்படைத்தது.