பங்காளி என்னும் சொல்

‘பங்காளி’ என்னும் சொல்லை நீங்கள் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். தந்தைவழி உறவினரைக் குறிக்க வழங்கும் அச்சொல்லின் நேர்ப்பொருள் பங்குடையவன் என்பதே. ‘தாயாதி’ என்னும் சொல்லும் அத்தகையதே; ‘தாயம்’ என்றால் வழிவழியாக வந்த உடைமை. உறவுக்கே உடைமையின் பெயரை இட்டு வழங்கியவர்கள் நம் முன்னோர். அவ்வாறிருக்கப் பங்காளிகளிடையே வழக்கு எழுவது வியப்பன்று. அவ்வழக்கை அவர்கள் எவ்வாறு தீர்த்துக்கொண்டார்கள் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

தொண்டை மண்டலத்து ஊர்களில் காணியாட்சி என்றொரு முறை இருந்தது. பின்னாளில் அதை மிராசு என்றனர். ஊர் நிலம் முழுவதும் பல பங்குகளாகக் கருதப்படும். ஒருவனுக்கு ஒரு பங்கு, மற்றொருவனுக்கு அரைப் பங்கு, வேறொருவனுக்குக் கால் பங்கு என்று உரிமை இருக்கும். ஆனால் இந்த வயல்தான் இன்னாருடையது என்று நிலைத்த வரையறை பல ஊர்களில் இராது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை நிலங்களைக் கரைகளாக வகுத்துச் சீட்டெடுத்து மாற்றிக்கொள்வார்கள். இதற்குக் கரையீடு என்று பெயர். இவ்வாறு மாறி மாறி அனுபவித்த ஊர்களைப் பசுங்கரை ஊர்கள் என்றும், ஒரேயடியாகப் பிரித்துக்கொண்டவற்றை அருதிக்கரை ஊர்கள் என்றும் வழங்கினர். சென்னையில் கலெக்டராக இருந்தவரும் தமிழறிந்தவருமான எல்லிஸ் துரை, 1818-ஆம் ஆண்டில் வெளிவந்த மிராசு உரிமை பற்றிய தம் விடைகளில் இவற்றை விரிவாக எழுதி வைத்தார்.

ஏன் மாற்றிக்கொண்டார்கள்? ஏரி மதகின் அருகில் உள்ள வயலுக்கு நீர் முதலில் பாயும். கடைமடை வயலோ மழை பொய்த்த ஆண்டில் காய்ந்து போகும். அளவுகோலால் எத்துணைச் சரியாக அளந்தாலும் இவ்விரண்டும் சமமாகா. ஆகவே நல்ல நிலத்தையும் மட்டமான நிலத்தையும் கலந்து கரை வகுத்தார்கள். எந்தக் கரை யாருக்கு என்பதைச் சீட்டுக்கு விட்டார்கள். எந்தக் கரை தனக்கு வரும் என்று அறியாதவன் எல்லாக் கரையையும் நேர்மையாகத்தானே வகுப்பான்? இந்த ஏற்பாட்டை நான் மிக மதிக்கின்றேன். எனினும் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்நிலத்தில் இறங்கி உழுத அடிமைத் தொழிலாளர்க்கு எந்தக் கரையிலும் பங்கு இல்லை. பங்காளிகளுக்குள்ளே நிலவிய நீதி அது. ஊருக்கெல்லாம் நிலவிய நீதி அன்று.

1820-இல் தாமஸ் மன்றோ சென்னை மாகாண ஆளுநரானார். அதன்பின் இரயத்துவாரி முறை பரவலாயிற்று. நிலத்தை அளந்து, இன்ன நிலத்துக்கு இன்னார் தீர்வை செலுத்த வேண்டும் என்று அரசு ஆளுக்கு ஆள் கணக்கு எழுதியது. கரை மாற்றும் வழக்கம் தேய்ந்தது. ஊர்க் கூட்டத்தில் தீர்ந்த சச்சரவுகள் நீதிமன்றப் படி ஏறின.

அந்த நீதிமன்றங்கள் கையில் எடுத்த நூல் மிதாட்சரம். சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில் விஞ்ஞானேசுவரர் இயற்றிய உரை அது. மகன் பிறக்கும்போதே குடும்பச் சொத்தில் உரிமையுடன் பிறக்கின்றான் என்பது அதன் கொள்கை. அப்படியானால் பிரியாத குடும்பத்தில் ஒருவனுக்கு உரிய பங்கு எவ்வளவு? யாராலும் சொல்ல முடியாது. ஒரு குழந்தை பிறந்தால் பங்கு சுருங்கும். ஒருவர் இறந்தால் விரியும். எனவே, குடும்பம் எப்போது பிரிந்தது என்பதே வழக்குகளில் தலையாய வினாவாயிற்று.

சென்னை மாகாணத்திலிருந்து இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்ற வழக்கு ஒன்று உண்டு. ஒரு குடும்பத்தார் 1834-இல் பத்திரம் எழுதினர். சில ஊர்களை வரப்பிட்டுப் பிரிக்காமல், அவற்றின் வருவாயை மட்டும் இன்னாருக்கு இத்தனை பங்கு என வரையறுத்துக்கொண்டனர். நிலம் ஒன்றாகவே கிடந்தது. குடும்பம் பிரிந்ததா, இல்லையா? பிரிந்தது என்று 1866-இல் தீர்ப்பு வந்தது. பங்கை வரையறுத்துக்கொள்ள மனம் ஒத்த அன்றே பிரிவு நிகழ்ந்துவிட்டது. வரப்பு பின்னர் வந்தாலும் வரட்டும் என்பது அதன் சாரம். நிலத்தைப் பிரிப்பதும் உரிமையைப் பிரிப்பதும் வேறு வேறு என்பதை இத்துணைத் தெளிவாக உணர்த்திய வழக்கு வேறொன்றை நான் படித்ததில்லை.

இனி, பிரிக்கவே முடியாத பொருளை என்ன செய்வது? இரண்டு அறையுள்ள வீட்டை ஐவருக்கு எப்படிப் பகிர்வது? வீட்டை விற்றுப் பணத்தைப் பகிருங்கள் என்று ஆணையிட நீதிமன்றத்துக்கு முன்பு அதிகாரம் இல்லை. 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் அதை வழங்கிற்று. பாதிக்குக் குறையாத பங்குடையவர்கள் கேட்டால், விற்பனைக்கு ஆணையிடலாம்; ஆனால் மற்றப் பங்குதாரர் மதிப்பீட்டு விலை கொடுத்து அவர்கள் பங்கை வாங்கிக்கொள்ள முன்வந்தால், அவருக்கே கொடுக்க வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. குடும்பம் வாழும் வீட்டில் ஒருவரது பங்கை அயலார் வாங்கிக்கொண்டு பிரிவினை கேட்டு வழக்கிட்டால், குடும்பத்தார் விலை கொடுத்து அந்த அயலாரை விலக்கலாம். அடுக்களைக்குள் அயலார் குடியேறுவது கொடுமை என்று சட்டமும் உணர்ந்திருக்கிறது.

பிரிவினை வழக்கில் நீதிமன்றம் இருமுறை பேசும். முதனிலைத் தீர்ப்பாணை யாருக்கு எவ்வளவு என்று சொல்லும். பின்னர் ஆணையர் ஒருவர் நேரில் சென்று, அளந்து, மதிப்பிட்டு அறிக்கை தருவார். இறுதித் தீர்ப்பாணை எந்தப் பகுதி யாருக்கு என்று சொல்லும். இவ்விரண்டுக்கும் இடையே சில குடும்பங்களில் ஒரு தலைமுறையே கழிந்துவிடும். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மக்கள் நீதிமன்றத்தில் இணக்கமாகத் தீர்த்துக்கொண்டால், அது தீர்ப்பாணைக்கு நிகர், மேல்முறையீடும் இல்லை.

இதுவரை ‘அவன்’ என்றே சொல்லி வந்தேன். காரணம் இருக்கிறது. என் பாட்டனார் 1961-இல் காலமானார். பாட்டியார் அதற்கு முன்பே மறைந்துவிட்டார். என் தந்தையும் இரு சிறிய தந்தையரும் 1972-இல் பாகப் பத்திரம் எழுதினர். பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்த பழக்கத்தால், பின்னாளில் அந்தப் பத்திரத்தைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். பரம்பரைச் சொத்தில் தந்தைக்கும் மூன்று மகன்களுக்கும் நான்கில் ஒன்று வீதம். 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாட்டனாரின் கால் பங்கு மட்டும் மகள் உட்பட நால்வருக்கும் சேரும். ஆக, அத்தைக்குப் பதினாறில் ஒன்று. பழைய வாய்பாட்டில் அதற்கு வீசம் என்று பெயர். ஒவ்வொரு மகனுக்கும் ஐந்து வீசம்.

வீசத்திலும் தடை இருந்தது. ஆண் வாரிசுகள் தாமாகப் பிரிக்கும் வரை, குடும்பம் குடியிருக்கும் வீட்டில் பிரிவினை கேட்க மகளுக்கு உரிமை இல்லை. தமிழகத்தில் 1989-இல் வந்த திருத்தம் மகளைப் பிறப்பாலேயே பங்காளி ஆக்கியது. ஆனால் அதற்கு முன் மணமானவர்களை ஒதுக்கியது. 2005-ஆம் ஆண்டு மத்தியத் திருத்தம் அந்த ஒதுக்கலையும் வீட்டைப் பற்றிய தடையையும் நீக்கிற்று. அவ்வுரிமைக்குத் தந்தை 2005-இல் உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. எனினும் முன்பே பதிவான பாகப் பத்திரங்களை இவை தொடவில்லை. எங்கள் பத்திரம் அவற்றுள் ஒன்று.

அதில் கிணறு மட்டும் பிரிக்கப்படவில்லை. “மூவருக்கும் பொதுவில் மூன்றில் ஒரு பங்கு” என்று எழுதி, நாள் முறை வைத்து நீர் இறைத்துக்கொண்டனர். பத்திரத்தோடு சேர்த்துத் தைத்த விடுதலைப் பத்திரத்தில் அத்தையின் கைந்நாட்டு இருக்கிறது. அவர் பெற்றுக்கொண்டதாக அதில் ஒரு தொகையும் குறிக்கப்பட்டுள்ளது. அத்தொகையை உண்மையில் வாங்கினாரா என்று அவர் இருந்தவரை நான் கேட்கவில்லை.