சந்தி சிரிக்கும் என்ற அச்சம்

குடும்பத்தின் அந்தரங்கம் ஊரறியப் பரவி மானம் போவதை வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் 'சந்தி சிரித்தல்' என்பர். நகைப்பவர் இன்னாரென்று சுட்டாமல் அவ்வினையைச் சந்தியின்மேல் ஏற்றிய இவ்வழக்கு, பாதைகள் கூடுமிடத்தில் நிற்போர் யாவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்த பழைய கிராமங்களுக்கே உரியது; ஆயினும் கிளிநொச்சியின் உருத்திரபுரம் போன்ற குடியேற்றத்திலும் அது வேரூன்றியது.

இங்குள்ள சிவாலயம் புராதனமானது. இன்றைய வயலும் வாய்க்காலுமோ 1902 இல் தொடங்கிய இரணைமடுக் குளத்தின் கட்டுமானத்தாலும், 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தை ஒட்டிய குடியேற்றங்களாலும் விளைந்தவை. எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று இலக்கமே இடப்பெயராயிற்று. யாழ்ப்பாணத் தீபகற்பத்தில் ஒழுங்கைதோறும் உறவினரை விட்டுவந்த குடும்பத்துக்கு அயலவர் அந்நியர். ஆனால் முறைத்தண்ணீருக்காக அவர் முகத்தில் விழித்தே ஆகவேண்டும். உறவினர் பொறுத்துக்கொள்வதை அயலவர் பொறுப்பாரென்ற நிச்சயம் இல்லாமையால், சந்தி சிரிக்குமென்ற அச்சம் இங்கே மேலும் வலுத்திருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

"மெல்லக் கதை பிள்ளை, படலையடியிலை ஆக்கள் போகினம், பிறகு சந்தி சிரிக்கும்" என்று தாய் மகளைத் தடுப்பாள். சீதனக் காணிப் பிணக்காயினும், குடித்துவிட்டு வந்த கணவன் கைநீட்டியதாயினும் சொல்லப்படுவது இதுவே. 'கோடேறுதல்', அதாவது நீதிமன்றம் செல்லுதல், என்றால் மானக்கேட்டின் உச்சம். அடித்தவனுக்கு இல்லாத வெட்கத்தை அடிபட்டவள் சுமக்கும்படி செய்த இவ்வழக்கின் அநீதியை, அதன் அழகை வியப்போர் மறத்தல் ஆகாது.

யுத்தத்தில் 2009 ஜனவரியில் கிளிநொச்சி வீழ்வதற்கு முன்னரே சனங்கள் கிழக்கே பெயர்ந்திருந்தனர். யுத்தம் முடிந்ததும் அவர்களிற் பெரும்பாலோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் அடைக்கப்பட்டனர். தறப்பாள் ஒன்றே சுவராக நின்ற அவ்விடத்தில் குழந்தையின் அழுகையும் தம்பதியரின் வாக்குவாதமும் அயற் கூடாரத்துக்குக் கேட்டன. மறைப்பதற்கு வேலியும் இல்லை, படலையும் இல்லை.

மீண்டு வந்தோர் முதலில் வேலியடைத்தனர். வழக்கும் அவர்களுடனேயே திரும்பியது. எனினும் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, இன்னலுற்றவள் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அவள் சார்பில் பொலிஸ் அதிகாரி விண்ணப்பிக்கவும் அச்சட்டம் இடந்தருகிறது.