விஎன்சி பிறந்த கதை

எங்கோ இருக்கும் லினக்ஸ் கணினியின் திரையை நம் மேசைக்கு வரவழைக்கப் பலரும் இன்று நாடுவது விஎன்சியைத்தான். அது பிறந்த இடம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஒலிவெட்டி ஆராய்ச்சிக்கூடம்.

வேறொரு கணினியில் ஓடும் நிரலின் சாளரத்தை நம் திரையில் காட்டும் வித்தை, 1984-இல் எம்ஐடியில் தொடங்கிய எக்ஸ் விண்டோவுக்கே தெரியும். ஆனால் வரைகிற வேலை முழுக்க நம் முன்னால் இருக்கும் கணினியின் தலையில் விழும். இணைப்பு அறுந்தால் நிரலும் கூடவே செத்துவிடும். சேமிக்காத வேலை போனது போனதுதான்.

ஒலிவெட்டிக்காரர்கள் வீடியோடைல் என்றொரு கருவி செய்தார்கள். ஒரு எல்சிடி திரை, ஒரு பேனா, அதிவேகப் பிணைய இணைப்பு, அவ்வளவுதான். படம் வேறெங்கோ தயாராகி, வெறும் பிக்சல்களாக வந்து சேரும். அதையே மென்பொருளாக எழுதியபோது கிடைத்தது விஎன்சி. ரிச்சர்ட்சன், ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசர், வுட், ஹாப்பர் என்ற நால்வர் 1998-இல் கட்டுரையாக அதை விளக்கினார்கள்.

'இந்த இடத்தில் இந்தச் செவ்வகத்தை இந்தப் பிக்சல்களால் நிரப்பு' என்று தொலைவில் உள்ள கணினியில் ஓடும் சர்வர் சொல்லும். தட்டிய விசையையும் மவுஸ் அசைவையும் நம் கணினியில் இருக்கும் வ்யூவர் திருப்பி அனுப்பும். வ்யூவர் கேட்டால்தான் அடுத்த படம் வரும். அதனால் இணைப்பு மெதுவானால் படங்கள் குறையுமே தவிர, பழைய படங்கள் வரிசைகட்டி நிற்காது.

லினக்ஸில் இதன் உயிர் எக்ஸ்விஎன்சி. மானிட்டரே இல்லாத கணினியில், நினைவகத்துக்குள்ளேயே ஒரு திரையை அது விரித்துவைக்கும். முதல் திரைக்குக் கதவு (போர்ட்) 5901, இரண்டாவதற்கு 5902. வ்யூவரை மூடிவிட்டு ஊர் மாறிப் போய்த் திறந்தாலும், பாதியில் விட்ட வரியில் கர்சர் அப்படியே நிற்கும். இந்த நால்வருக்கு நாம் பட்ட பெரிய கடன் இதுதான் என்பேன்.

விஎன்சியை ஜிபிஎல் உரிமத்தில் இலவசமாகவே வெளியிட்டார்கள். ஆய்வுக்கூடம் ஏடி அண்ட் டி கைக்குப் போய் 2002-இல் மூடப்பட்டபோதும் விஎன்சி தப்பியது அதனால்தான். மூலநிரல் வெளியில் இருந்ததால் டைட்விஎன்சி, டைகர்விஎன்சி என்று கிளைத்தது.

பழைய நெறிமுறையின் பலவீனமும் கூடவே வந்தது. கடவுச்சொல்லில் முதல் எட்டு எழுத்துதான் செல்லும். திரையில் ஓடுவது மறையாக்கம் இல்லாமலே பயணிக்கும். ஆகவே 5901-ஐ இணையத்துக்கு நேரே திறந்துவைக்காதீர்கள். சர்வரை லோக்கல்ஹோஸ்ட் முகவரியில் மட்டும் கேட்கவைத்து, எஸ்எஸ்எச் சுரங்கம் வழியாகவே நுழையுங்கள்.