எண் போட்ட முகாமில் பெயர் எழுதச் சொன்ன டீச்சர்

பழைய பொத்தான், பஸ் டிக்கெட், மிட்டாய்க் காகிதம், துணித்துண்டு இவற்றை ஒட்டி ஒரு முகம் செய்யுங்கள், மனசு லேசாகும் என்று இப்போது பயிலரங்குகள் நடத்துகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆசிரியர் பயிற்சியில் நாங்களும் வீணான பொருள்களில் கைவினை செய்தோம், மதிப்பெண்ணுக்காக. இதே வேலையை மிகக் கொடிய இடத்தில், பிள்ளைகளின் மனதுக்காகவே செய்தவர் ஓர் ஆசிரியை. அவரைப் பற்றி இன்று எழுதுகிறேன்.

ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ், 1898-இல் வியன்னாவில் பிறந்த யூதப் பெண். ஜெர்மனியில் வைமார் நகரத்து பௌஹவுஸ் கலைப்பள்ளியில் படித்தவர். 1942 டிசம்பரில் நாஜிகள் அவரையும் கணவர் பவேலையும் செக் நாட்டிலிருந்த தெரெசின் முகாமுக்கு அனுப்பினார்கள். ஆளுக்கு 50 கிலோ சாமான்தான் கொண்டுபோகலாம். அதற்குள் அவர் வரைபொருள்களையும் வைத்துக் கட்டினார். அங்கே நிறையக் குழந்தைகள் இருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

முகாமில் பாடம் நடத்தத் தடை. படம் வரைவதை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அந்தச் சந்தில் நுழைந்து குழந்தைகள் விடுதிகளில் வகுப்பெடுத்தார் ஃப்ரீடல். கொண்டுபோன காகிதம் எத்தனை நாளைக்கு வரும்? பயன்படுத்திய அலுவலகப் படிவங்கள், பொட்டலம் கட்டிய தாள் என்று கிடைத்ததெல்லாம் வகுப்புக்கு வந்தது. பிள்ளைகள் அவற்றை வெட்டியும் கிழித்தும் ஒட்டியும் வீடு, பூச்செடி, மனிதர்கள் என்று உருவாக்கினார்கள். அச்சடித்த கட்டங்களும் கோடுகளும் அந்த ஒட்டுப்படங்களில் இன்றும் தெரிகின்றன.

அங்கே கொண்டுவரப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. ஃப்ரீடல் டீச்சரோ, படத்தில் உன் பெயரை எழுது என்பார். என்னைப் பொறுத்தவரை அவருடைய பெரிய பாடம் இதுதான். பசியோடும் பயத்தோடும் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு 'நான் இன்னார்' என்பது மறந்துவிடக் கூடாது. எல்லாரையும் ஓவியராக்குவது அவர் நோக்கமாக இருக்கவில்லை.

1944 செப்டம்பரில் பவேலை அங்கிருந்து கொண்டுபோனார்கள். கணவரைத் தொடர்ந்து போக ஃப்ரீடல் தானாகவே பெயர் கொடுத்தார். அக்டோபரில் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். பவேல் உயிர் பிழைத்தார். வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோரும் திரும்பவில்லை.

புறப்படும் முன் ஏறத்தாழ 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் வைத்து ஒளித்துவிட்டுப் போயிருந்தார். போர் முடிந்த பிறகு, 1945-இல், விடுதிப் பொறுப்பாளராக இருந்த வில்லி க்ரோக் அந்தப் பெட்டிகளைப் பிராக் நகர யூத சமூகத்திடம் சேர்த்தார். இன்று அவை பிராக் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. படத்தில் எழுதிய பெயரை வைத்துத்தான் பல பிள்ளைகள் யார், என்ன ஆனார்கள் என்று தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது.

ஃப்ரீடலின் மாணவி எடித் கிராமர் 1938-இல் அமெரிக்கா போய், மனக்காயம் பட்ட சிறுவர்களோடு ஓவியம் வழியாகவே வேலை செய்தார். கலைவழிச் சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவராக அவரைச் சொல்கிறார்கள். இன்றைய பயிலரங்குகளுக்கு இந்த வேரும் உண்டு.

இந்த ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளோடு உட்காருங்கள். வீட்டில் கிடக்கும் துண்டு துக்கடாக்களை வைத்து ஆளுக்கொரு முகம் செய்யட்டும். மூக்கு கோணலாக இருந்தால் திருத்த வேண்டாம். கீழே பெயர் எழுத மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.